திரையை இழுத்து விடலாமா?

போன வாரம் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி என்று எழுதியவள், இந்த வாரம் அமெரிக்கப் போலீஸைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "இவளுக்கு என்ன வந்து விட்டது?" என்று நீங்கள் கேட்டால், சகோதரிகளே, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் தெருவில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் அந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். விரல் போதாது. அங்கே பனி பெய்தால் இங்கே நமக்குக் குளிர்கிறது. அப்படியிருக்க, அங்கே தெருவில் நடக்கும் காரியம் மட்டும் நமக்குச் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன்.

2026-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு நாள். இரவு மணி ஒன்பது இருக்கும். சாப்பாட்டுக் கடை முடிந்து, அடுப்பு மேடையைத் துடைத்துக் கொண்டிருந்தேன். மாம்பலத்திலிருந்து என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி டெலிபோனில் கூப்பிட்டாள். அவளுடைய பெண் மினியாபொலிஸ் நகரத்தில் மேல் படிப்புப் படிக்கிறாள். சிநேகிதியின் குரல் வழக்கம் போல் இல்லை.

"ஒரு விஷயம் கேக்கணும். நான் செஞ்சது சரியா தப்பான்னு நீ சொல்லு" என்றாள்.

அன்று அங்கே காலை வேளை. பெண் காப்பி போட்டுக் கொண்டு ஜன்னல் ஓரம் வந்திருக்கிறாள். எதிர்க் கட்டடத்து வாசலில், பெயர் எழுதாத இரண்டு மோட்டார்கள். முகமூடி போட்ட ஆட்கள் நாலைந்து பேர். குடியேற்ற இலாகா உத்தியோகஸ்தர்கள் ரெய்டுக்கு வந்திருந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவனைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, பனியில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நடைபாதையில் நின்ற ஒன்றிரண்டு அக்கம்பக்கத்தார் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க, "தள்ளிப் போ! தள்ளிப் போ!" என்று ஒருவர் கத்துகிறார். பெண்ணும் செல்போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள், அதே செல்போனில் முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். "அம்மா, நான் படம் பிடிக்கட்டுமா?"

"ஐயோ வேண்டாண்டி கண்ணு! திரையை இழுத்து விட்டுட்டு உள்ளே போ! நமக்கேன் அந்த வம்பு!"

பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெண்ணும் திரையை இழுத்து விட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் சிநேகிதிக்கு மனசு கேட்கவில்லை. ஏன் தெரியுமா? பிடிபட்ட அந்த மனிதன் யாரோ எவனோ அல்ல. டிசம்பரில் அவள் பெண் வாசற்படியில் பனியில் வழுக்கி விழுந்தபோது, ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கி விட்டவன். அதற்குப் பிறகு, தன் வாசல் பனியை ஒதுக்கும்போது இவள் வாசலையும் சேர்த்து ஒதுக்கி விட்டுப் போகிறவன்.

"அன்னிக்கு அவன் திரையை இழுத்து விட்டுட்டு உள்ளே போயிருந்தா?" என்று கேட்டாள் சிநேகிதி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "ஒரு வாரம் பொறு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். படித்ததையும் அவளுக்குச் சொன்னதையும் உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் எத்தனை பேருக்கு இதே டெலிபோன் வரப் போகிறதோ, யார் கண்டது?

முதலில், அதே மினியாபொலிஸ் நகரத்தில் நடந்த ஒரு சம்பவம். 2020-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி. டார்னெல்லா பிரேஸியர் என்று 17 வயதுப் பெண். ஒன்பது வயதுச் சித்தி மகளோ மாமன் மகளோ, ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக் கொண்டு தின்பண்டம் வாங்க முக்குக் கடைக்குப் போகிறாள். கடை வாசலில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற மனிதரைப் போலீஸார் தரையில் குப்புறத் தள்ளியிருக்கிறார்கள். கள்ள நோட்டாக ஒரு இருபது டாலர் கொடுத்தார் என்று புகார். ஒரு போலீஸ்காரருடைய முழங்கால் அவர் கழுத்தின் மேல். டார்னெல்லா செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். குழந்தை பார்க்கக் கூடாது என்று அவளைக் கடைக்குள் அனுப்பினாள். பிறகு திரும்பி வந்து, செல்போனை எடுத்து, நடைபாதையில் நின்றபடி சுமார் பத்து நிமிஷம் படம் பிடித்தாள். கையை ஆட்டவில்லை, ஓடவும் இல்லை.

அந்த மனிதர் செத்துப் போனார். அன்று இரவு போலீஸ் இலாகா வெளியிட்ட அறிக்கையில், அவர் உடல் நலக் குறைவில் இருந்ததைப் போலீஸார் கவனித்து ஆம்புலன்ஸை வரவழைத்ததாகவும், ஆஸ்பத்திரியில் இறந்து விட்டதாகவும் கண்டிருந்தது. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அறிக்கை மட்டும் இருந்திருந்தால், மறுநாள் பத்திரிகையில் நாலு வரி, அதோடு சரி. ஆனால் அன்று இரவே டார்னெல்லா தன் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு விட்டாள். விடிவதற்குள் ஊரே பார்த்து விட்டது. முழங்கால் அழுத்தியிருந்தது ஒன்பது நிமிஷத்துக்கு மேல் என்று பிறகு கோர்ட்டில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2021 ஏப்ரலில் ஜூரிகள் அந்தப் போலீஸ்காரரைக் குற்றவாளி என்றார்கள். இருபத்திரண்டரை வருஷம் சிறை. அதே 2021-ல் புலிட்சர் பரிசுக் குழு டார்னெல்லாவுக்கு விசேஷப் பாராட்டு வழங்கியது. பெரிய பெரிய நிருபர்கள் ஏங்கும் கௌரவம் அது.

ஆகவே, படம் பிடிப்பதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். ஆனால் இதிலே இன்னொரு பாதி இருக்கிறது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? பாஸ்டன் நகரத்தில் 2007 அக்டோபரில் ஒரு வக்கீல் பூங்கா வழியே போனார். போலீஸார் ஒரு ஆளைப் பிடிக்கும் விதம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. சில அடி தள்ளி நின்று செல்போனில் படம் பிடித்தார். அவருக்கே விலங்கு மாட்டி விட்டார்கள். பிறர் பேச்சைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தார் என்பது குற்றச்சாட்டு. 'திருட்டுத்தனம் எங்கே? கையில் தூக்கிப் பிடித்துக் கொண்டல்லவா நின்றார்?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேஸ் தள்ளுபடி ஆயிற்று. மனிதர் அதோடு விடவில்லை. உரிமை கேட்டு எதிர் வழக்குப் போட்டார். பொது இடத்தில் வேலை பார்க்கும் சர்க்கார் உத்தியோகஸ்தரைப் படம் பிடிப்பது பிரஜைகளின் உரிமை என்று 2011-ல் மேல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறு வருஷம் நகர சபை அவருக்கு 1,70,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்து கொண்டது.

அதற்கு முன்னும் பின்னும் வேறு பல மேல் கோர்ட்டுகளும் இதே மாதிரி சொல்லியிருக்கின்றன. தள்ளி நின்று, குறுக்கிடாமல் போலீஸாரைக் கவனிப்பது உரிமை என்று, மினசோட்டா மாகாணத்தைச் சேர்த்து ஆளும் மேல் கோர்ட்டும் 2020-ல் ஒரு வழக்கில் ஒப்புக் கொண்டது. சுப்ரீம் கோர்ட்டு மட்டும் இந்தக் கேள்வியை நேராகத் தீர்த்து வைத்ததில்லை. அரிஸோனா மாகாணத்தில் 2022-ல், போலீஸாருக்கு எட்டடிக்குள் நின்று படம் பிடிப்பதே குற்றம் என்று ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அமலுக்கு வருவதற்கு முன்பே கோர்ட்டு தடுத்து, 2023-ல் அதை ரத்துச் செய்து விட்டது.

'போலீஸ் காரியத்தை வெளியார் பார்க்கலாமா?' என்பது நமக்கும் புதிய கேள்வி அல்ல. நம் ஊரில் போலீஸார் ஒரு வீட்டைச் சோதனை போட வந்தால், அக்கம்பக்கத்துக் கண்ணியமான மனிதர் இரண்டு பேரையாவது கூப்பிட்டு, அவர்கள் எதிரில்தான் சோதனை போட வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட சட்டத்திலேயே இருந்தது. இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டமோ, சோதனையைப் போலீஸாரே வீடியோப் படம் பிடிக்க வேண்டும் என்கிறது. அடைத்த கதவுக்குள் அதிகாரம் தனியாக இருப்பது அதிகாரத்துக்கே நல்லதல்ல என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, படம் பிடிக்க உரிமை உண்டு. அடுத்த கேள்விதான் சிக்கலானது. போலீஸ்காரர் உத்தரவு போட்டால்? கீழ்ப்படிய வேண்டுமா, வேண்டாமா?

இங்கேதான் இளவட்டங்கள் குழம்புகிறார்கள். உரிமை இருக்கிறது என்று கேட்டவுடன், எந்த உத்தரவுக்கும் அசைய வேண்டியதில்லை என்று நினைத்துக் கொள்கிறார்கள். பெரியவர்களோ, உத்தரவு வந்து விட்டால் கண்ணையும் மூடிக் கொள்ள வேண்டும் என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. உத்தரவுகளை நம் வீட்டுப் பருப்பைப் போலப் புடைத்துப் பிரிக்க வேண்டும்.

"தள்ளி நில்", "சாலையை விட்டு நடைபாதைக்குப் போ", "வண்டிக்கு வழி விடு". இவை உங்கள் கால்களுக்கு இடும் உத்தரவுகள். உடனே கேளுங்கள். ஒரு நிமிஷம்கூட வாதாட வேண்டாம். "இதோ தள்ளிப் போகிறேன்" என்று உரக்கச் சொல்லிக் கொண்டே பின்னால் போங்கள். உங்கள் குரலும் படத்தில் பதிவாகட்டும். நீங்கள் கீழ்ப்படிந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பத்தடி பின்னால் போனாலும் இந்தக் காலத்துச் செல்போனுக்குக் கண் தெரியும்.

"படம் பிடிப்பதை நிறுத்து" என்பது உங்கள் கண்ணுக்கு இடும் உத்தரவு. குறுக்கே போகாதவரை, அதைப் போடும் அதிகாரம் அவருக்குப் பொதுவாக இல்லை. "ஸார், நான் தள்ளித்தான் நிற்கிறேன், குறுக்கே வரவில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். இன்னும் நாலடி பின்னால் போகலாம். அதற்கும் மேலே அவர் கையைப் பிடிக்க வந்தால் உதறாதீர்கள். உத்தரவு செல்லுமா செல்லாதா என்று தீர்ப்பதற்கு இடம் கோர்ட்டு. தெருவில் போலீஸ்காரரோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. அந்தப் பாஸ்டன் வக்கீலும் விலங்குக்குக் கையை நீட்டி விட்டு, பிறகுதான் ஜெயித்தார்.

"போனைத் திறந்து காட்டு", "அழித்து விடு" என்றால்? கைது செய்யப்பட்டவனுடைய செல்போனுக்குள் பார்ப்பதற்கே கோர்ட்டு வாரண்ட் வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு மனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மறுக்கலாம். பிடுங்கினால் இழுபறி மட்டும் வேண்டாம். முகத்தைக் காட்டினால் திறக்கும் ஏற்பாட்டை நிறுத்தி விட்டு, எண் போட்டுப் பூட்டி வைப்பது நல்லது.

இன்னொன்று. பிடிக்க வந்தவனை வீட்டுக்குள் ஒளித்து வைப்பது, மோட்டாருக்குக் குறுக்கே நிற்பது, உத்தியோகஸ்தரின் கையைத் தட்டி விடுவது ஆகியவை படம் பிடிக்கும் உரிமையில் சேராது. அவை கூட்டாட்சிச் சட்டப்படி குற்றங்களாகும். இரக்கத்தால் செய்தேன் என்பது அங்கே சமாதானமாகாது.

போலீஸார் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. எந்தக் கதவுக்குப் பின்னால் எவன் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று தெரியாமல் போகிறார்கள். முதுகுக்குப் பின்னால் இருபது பேர் கூச்சல் போட்டால் யாருக்கும் நிதானம் தவறும். ஆகவே சத்தம் போடுவது, ஏசுவது, கிட்டே போய் முகத்தில் செல்போனை நீட்டுவது எதுவும் வேண்டாம். நிதானமாக நிற்கும் ஒருவர் எடுத்த படத்துக்குத்தான் கோர்ட்டில் மதிப்பு. நேர்மையான போலீஸ்காரருக்கும் அந்தப் படமே காப்பு.

இனி, பெண்களாகிய நாம் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம். வேடிக்கை பார்ப்பது வேறு, சாட்சி நிற்பது வேறு. பக்கத்து வீட்டில் சண்டை என்றால் மாடியில் நின்று பார்ப்போம். பார்த்ததைக் காலையில் பால் வாங்கும்போது நாலு பேரிடம் சொல்வோம். அது வேடிக்கை. ரெய்டு நடக்கும் வீட்டில் ஒரு மனைவி இரவு உடையோடு அழுது கொண்டு நிற்கிறாள். குழந்தை அப்பாவின் காலைக் கட்டிக் கொள்கிறது. அந்த முகங்களைப் படம் பிடித்து ஐந்தே நிமிஷத்தில் ஊருக்கெல்லாம் அனுப்பினால், அவர்களுக்கு உதவி செய்ததாக ஆகுமா? அவர்களுடைய அவமானத்தை வீதியில் கடை விரித்ததாகத்தான் ஆகும். அந்த முகத்தை நாளைக்கு வேலை கொடுப்பவன் பார்ப்பான். குழந்தையின் பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்கள்.

சாட்சி நிற்பவள் உத்தியோகஸ்தர்களின் கைகள் என்ன செய்கின்றன என்று பிடிப்பாள். மோட்டாரின் நம்பரைப் பிடிப்பாள். மணி என்ன, எந்தத் தெரு என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வாள். குழந்தையின் முகத்தை விட்டு விடுவாள். எடுத்த படத்தை முதலில் அந்தக் குடும்பத்திடமோ, அவர்கள் வக்கீலிடமோ கொடுப்பாள். வெளியிடலாமா கூடாதா என்பதை அவர்கள் சொல்லட்டும். தன் கூட வந்த குழந்தையின் கண்ணை மறைத்து விட்டுப் பிறகு செல்போனைத் தூக்கிய டார்னெல்லாவுக்கு இந்த வித்தியாசம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது.

பிற்பாடு சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்த மறு பாதியை இப்போது சொல்லி விடுகிறேன். சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன்.

காமிரா ஒரு மந்திரக்கோல் அல்ல. 1991 மார்ச் 3-ந் தேதி, நடு இரவு தாண்டிய நேரம், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ராட்னி கிங் என்பவரைப் போலீஸார் தடிகளால் அடிப்பதை எதிர் வீட்டுக்காரர் ஒருவர் தம் மாடியிலிருந்து படம் பிடித்தார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. ஆனால் மறு வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி, போலீஸார் குற்றவாளிகள் அல்ல என்று ஜூரிகள் விட்டு விட்டார்கள். அதே படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டியே எதிர்த் தரப்பு வக்கீல்கள் வாதாடினார்கள். அன்று மூண்ட கலகத்தில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். 1993-ல் வேறொரு கோர்ட்டில் நாலு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் தண்டனை கிடைத்தது.

டார்னெல்லாவின் கதையிலும் ஒரு முள் இருக்கிறது. அன்று நடைபாதையில் நின்றவர்களில் ஒரு இளம் பெண், தீயணைப்பு இலாகாவில் வேலை பார்ப்பவள். அன்று அவளுக்கு விடுமுறை. "எனக்கு முதல் உதவி தெரியும், நாடி பார்க்க விடுங்கள்" என்று கெஞ்சினாள். நடைபாதைக்குப் போ என்று போலீஸ்காரர் அதட்டினார். அவள் போனாள். எல்லோருமே கீழ்ப்படிந்தார்கள். கண் எதிரே ஒரு மனிதர் செத்துக் கொண்டிருந்தார். டார்னெல்லா பிறகு கோர்ட்டில் சாட்சி சொன்னபோது, தான் இன்னும் ஏதாவது செய்திருக்க வேண்டுமோ என்று பல இரவுகள் விழித்திருந்து அந்த இறந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டதாகச் சொல்லி அழுதாள்.

கீழ்ப்படிந்தது தப்பா, சகோதரிகளே? நான் இதை வெகு நேரம் யோசித்தேன். அவர்கள் பாய்ந்து போய்ப் போலீஸ்காரரை இழுத்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருக்கலாம். இன்னும் இரண்டு பிணம் விழுந்தும் இருக்கலாம். ஆனால் கோர்ட்டு ஒன்றைத் தெளிவாக்கியது. தடுத்திருக்க வேண்டியவர்கள் யார்? கூட நின்ற மற்றப் போலீஸார். அவர்கள் மூன்று பேரும் 2022 பிப்ரவரியில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சக போலீஸ்காரரைத் தடுக்காமல் நின்றது அவர்களில் இருவர் மேல் தனிக் குற்றமாகவே நிரூபணமாயிற்று. அந்தப் பளுவைச் சட்டம் பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் வைக்கவில்லை. அவள்தான் தானே எடுத்து வைத்துக் கொண்டாள். நல்ல மனசு அப்படித்தான் செய்யும்.

தள்ளி நின்றால் ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். என் சிநேகிதி கூப்பிட்ட அதே ஜனவரியில், 24-ந் தேதி, அதே மினியாபொலிஸில், ரெய்டுக்கு வந்தவர்களைச் செல்போனில் படம் பிடித்துக் கொண்டிருந்த ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், 37 வயது ஆண்பிள்ளை, கூட்டாட்சி உத்தியோகஸ்தர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். கீழே தள்ளப்பட்ட ஒரு பெண்ணுக்கு உதவப் போனபோது இழுபறி ஏற்பட்டது. துப்பாக்கியோடு அவர் நெருங்கி வந்தார் என்றார்கள் மேலிடத்தில். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி அவரிடம் இருந்தது உண்மை. ஆனால் அவர் கையில் இருந்தது செல்போன் என்று மற்றவர்கள் எடுத்த படங்கள் காட்டின. அவர் உயிரை அந்தப் படங்கள் காப்பாற்றவில்லை. அவர் பெயரைக் காப்பாற்றின.

இவ்வளவையும் படித்த பிறகு சிநேகிதியைக் கூப்பிட்டேன்.

"நீ சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு" என்றேன்.

"எந்தப் பாதி?"

"கீழே இறங்கிப் போகாதேன்னு சொன்னா, அது சரி. உன் பெண் அங்கே மாணவி விசாவில் இருக்கிறாள். அந்த ஊர்ப் பிரஜைக்கு ஒரு கைது என்றால் ஒரு ராத்திரியோடு போகலாம். இவளுக்கு விசாவே போனாலும் போகும். 2025 வசந்த காலத்தில் எத்தனையோ வெளிநாட்டு மாணவர்களுக்கு, போலீஸோடு ஏற்பட்ட சில்லறைத் தகராறுகளுக்காகவே தங்கும் பதிவை ரத்துச் செய்தார்கள். கோர்ட்டுக்குப் போன பிறகுதான் பதிவு திரும்பிற்று. ஆகையால் நடைபாதையில் நின்று படம் பிடிக்கிற வேலையை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக் கொள்ளட்டும். இவள் வெளியே போகும்போது தன் காகிதங்களைக் கையோடு வைத்திருக்கட்டும். அது அங்கே சட்டம். ஆனால் திரையை இழுத்து விடச் சொன்னாயே, அது வேண்டாம். அவள் வீட்டு ஜன்னல், அவள் கண். பார்க்கட்டும். ஜன்னலிலிருந்தே படம் பிடிக்கலாம். அதற்கும் பயமாக இருந்தால் மணியையும் மோட்டார் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதி வைக்கட்டும். அதுவும் சாட்சிதான்."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு சிநேகிதி மெதுவாகச் சொன்னாள்.

"அவ என்ன செஞ்சா தெரியுமா? நான் சொன்னதும் 'சரிம்மா'ன்னு திரையை இழுத்து விட்டா. ஆனா முழுசா இழுக்கலை. நாலு விரக்கடை இடம் விட்டு வச்சிருக்கா. ரெண்டு மோட்டார் நம்பரையும், வந்த நேரம், போன நேரத்தையும் காலேஜ் நோட்டிலே எழுதி வச்சிருக்கா. எங்கிட்டே சொல்லவே இல்லை. அந்த மனுஷனோட சம்சாரத்துக்கு, அவனை எங்கே கொண்டு போயிருக்காங்கன்னு ரெண்டு நாளாத் தெரியலையாம். மூணாம் நாள் ஒரு வக்கீலம்மா வந்து, 'எத்தனை மணிக்கு வந்தாங்க, எந்த வண்டி?'ன்னு கேட்டப்போ அவளாலே பதில் சொல்ல முடியலை. இவதான் அந்த நோட்டுக் காகிதத்தைக் கிழிச்சுக் கொண்டு போய்க் கொடுத்திருக்கா."

"ஆள் கிடைச்சானா?"

"வேற ஊர்லே அடைச்சு வச்சிருக்காங்களாம். வக்கீல் பார்த்துட்டாங்க. கேஸ் நடக்குது."

அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் மேல் என்ன குற்றம், அவன் அந்தத் தேசத்தில் இருக்கலாமா கூடாதா என்பதெல்லாம் நீதிபதி பார்க்க வேண்டிய காரியம். அவனைப் பிடித்தது எப்போது, கொண்டு போனது எப்படி என்பது மட்டும் அவன் குடும்பத்துக்கும் அந்த நீதிபதிக்கும் மறைந்து போகாமல் இருக்கட்டும். அவ்வளவுதான் நான் சொல்வது.

இதை எழுதி முடிக்கும்போது சிநேகிதியிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. மினியாபொலிஸில் மறுபடி ஒரு சாண் உயரத்துக்குப் பனி கொட்டியிருக்கிறதாம். காலையில் எழுந்ததும் அவள் பெண் தன் வாசலைச் சுத்தம் செய்து விட்டு, மண்வாரியைத் தூக்கிக் கொண்டு எதிர் வீட்டு வாசலுக்குப் போனாளாம்.